குடைப்பூனையின் முகம்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
10.07.2023

அன்பின் றுஷ்தா ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே உம்மா, வாப்பா, நான் மூவரும் அல்லாஹ்வின் கிருபையால் சுகமாக இருக்கிறோம். உம்மாவுக்கு மட்டும் தையல் மெசின் மிதித்து முழங்கால் நோகிறது. உங்கள் நெஞ்சுச் சளி போய்விட்டதா? கண்டிப் பக்கத்துக் குளிரில் சுடுதண்ணீர் கிடைக்கிறதா? மூதூரில் உங்கள் உம்மாவும் வாப்பாவும், என் பெரியம்மாவும் பெரியவாப்பாவும், நல்ல சுகம் என்று சொல்லச் சொன்னார்கள்.

எனக்குப் போனில் கதைக்க வராது. அரபுக் கல்லூரியில் போனுக்கு இடமில்லை, கடிதம்தான் என்று நீங்கள் சொன்னபோது பெரியம்மா அழுதார். எனக்குள் சந்தோசமாக இருந்தது. கடிதத்தில் யாரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருக்க மாட்டார்கள்.

கடிதங்களை விடுதி வாடன் வாசித்துவிட்டுத்தான் தருவார் என்று நோன்பு விடுமுறையில் சொன்னீர்கள். அதனால் வாடன் அவர்களுக்கும் என் ஸலாம். நான் எழுதப்போகும் பூனை என்ன பூனை என்று அவர் யோசிக்கக் கூடாது. ஆகையால் உங்களுக்குத் தெரிந்ததையும் எழுதுகிறேன். 'குடைப்பூனை' என்பது ஒரு பழைய கார்ட்டூன். உம்மா சின்னப் பிள்ளையாக இருந்த காலத்திலேயே டீவியில் வந்தது. பிறகு மறுபடி போட்டபோது நானும் ராத்தாவும் அஸர் தொழுகைக்குப் பிறகு பார்ப்போம். அந்தப் பூனை கூரைகளில் சிவப்புக் குடையோடு நடக்கும். வெட்கம் வந்தால் குடையைத் தாழ்த்தி முகத்தை மூடிக்கொள்ளும். வால் மட்டும் தெரியும். அந்தப் பூனையின் படம் போட்ட உடுப்புகள், தொப்பிகள், பட்ஜ், ஓடாத கைக்கடிகாரம் எல்லாம் நாங்கள் சேர்க்கிறோம். உடம்பில் போடக்கூடியது மட்டும்தான். கோப்பையும் பென்சில் பெட்டியும் எங்களுக்கு வேண்டாம்.

இப்போது செய்தி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள ஜவ்பர் மாமாவின் கடைக்கு, காமன்ட் பக்டரியில் மிஞ்சிய உடுப்பு மூட்டை ஒன்று வந்தது. மாமா அதைப் பிரித்துக்கொண்டே, "அம்ரா, உன்ட சொந்தக்காரன் ஒருத்தன் வந்திரிக்கான்" என்று ஒன்றைத் தூக்கிப் போட்டார். மஞ்சள் நிற நீளக்கை ஜேர்சி. நெஞ்சில் குடைப்பூனை. சின்னப் பிள்ளைகளின் அளவு இல்லை ராத்தா, என் அளவு! பெரிய அளவில் நமக்குக் கிடைத்த முதல் உடுப்பு இதுதான்.

நம் சேர்ப்பு எல்லாம் உள்ள சூட்கேஸ் பத்திரமாக இருக்கிறது. பதில் எழுதுங்கள்.

வஸ்ஸலாம்.
உங்கள் தங்கச்சி,
அம்ரா

*

02.08.2023

அன்புத் தங்கச்சி அம்ராவுக்கு,

வ அலைக்குமுஸ் ஸலாம். நான் சுகம். சளி போய்விட்டது, இருமல் மட்டும் வாடகைக்கு இருக்கிறது. சாச்சியின் முழங்காலுக்குக் கல் உப்பைச் சுடவைத்து ஒத்தடம் கொடு.

உன் கடிதத்தைத் தரும்போது வாடன், "உங்கட தங்கச்சி எனக்கும் ஸலாம் சொல்லியிருக்கா" என்றார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவருக்கு எப்போதும் அப்படித்தான்.

இது கடைசி வருடம். அடுத்த நோன்புக்கு முன் மார்க்கக் கல்வி முடித்த மௌலவியாவாக வீடு வருவேன், இன்ஷா அல்லாஹ். பாடம் மலைபோலக் கிடக்கிறது. இங்கே எல்லாம் வெள்ளையும் சாம்பலும். உடுப்பில் உருவம் எதுவும் இருக்கக் கூடாது என்பது விடுதிச் சட்டம். அதனால் உன் மஞ்சள் ஜேர்சியை வாசித்தபோது கண் கூசியது.

ஆனால் நம் சட்டத்தை மறந்துவிடாதே. போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டினால்தான் அந்தப் பொருள் சேர்ப்பில் சேரும். சின்னதில் மழையில் நீ அந்த நீலத் தொப்பியைப் போட்டுக்கொண்டு கடற்கரை வரை ஓடியது நினைவிருக்கிறதா? ஜேர்சி வாசல் தாண்டிவிட்டதா? எங்கே போனாய், யார் பார்த்தார்கள் என்று முழுவதும் எழுது.

துஆவுடன்,
றுஷ்தா

*

25.08.2023

அன்பின் ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாரும் சுகம். உப்பு ஒத்தடம் உம்மாவுக்கு நல்லது செய்கிறது. உங்கள் இருமலுக்குக் கொத்தமல்லி குடியுங்கள்.

இங்கே சரியான வெயில். துறைமுகத்துப் பக்கமிருந்து காற்றே இல்லை. வாப்பா படகு எஞ்சின்களைத் திருத்திவிட்டு வரும்போது வியர்வையில் சேட்டுப் பிழியலாம் போல இருக்கிறது.

ஒரு கெட்ட செய்தி. நீலத் தொப்பியைக் கழுவிக் கொடியில் போட்டிருந்தேன். கோட்டைப் பக்கத்து மான் ஒன்று தெருவால் வந்து அதன் விளிம்பைச் சப்பிவிட்டது. நான் கத்தினேன். மான் என்னைப் பார்த்துக்கொண்டே இன்னும் ஒரு வாய் சப்பியது. வாப்பா, "உன்ட சத்தம் மானுக்கே கேக்கல்ல புள்ள" என்று சிரித்தார். விளிம்புக்குப் புதிய பைப்பிங் வைத்துத் தைத்துவிட்டேன். பூனைக்கு ஒன்றும் ஆகவில்லை.

பள்ளிக்கூடச் சீருடைத் தையல் நிறைய வருகிறது. பொத்தான் துளை எல்லாம் இப்போது நான்தான். இந்தக் கடிதத்தை வாப்பா தபாலில் போடுவார்.

வஸ்ஸலாம்.
அம்ரா

*

14.09.2023

அன்புத் தங்கச்சி,

ஸலாம். சுகம். மானுக்கும் ஸலாம் சொல்.

வெயிலைப் பற்றி எழுதினாய், மானைப் பற்றி எழுதினாய், உன் வாப்பாவின் சேட்டைப் பற்றிக்கூட எழுதினாய். ஜேர்சியைப் பற்றி ஒரு வரி இல்லை.

நீ பள்ளிக்கூடத்தை விட்டு இரண்டு வருடமாகிறது. எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் குரல் வராது என்பதற்காக விட்டாய். நான் அதற்குக் குறை சொல்லவில்லை. ஆனால் வாசலையும் சேர்த்தா விட்டாய்?

அவசரமில்லை. ஜேர்சி சுருங்காது, நீயும் இனி வளரமாட்டாய்.

நாளை ஹதீஸ் பாடத்தில் பரீட்சை. துஆ செய்.

றுஷ்தா

*

03.10.2023

அன்பின் ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உடம்புக்கு எல்லாரும் சுகம்தான். பரீட்சை எப்படி?

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நேராக எழுதுகிறேன். உம்மா சூட்கேஸைத் திறந்துவிட்டா.

நான் நூல் வாங்க ஜவ்பர் மாமாவோடு போயிருந்த நேரம். திரும்பி வந்தால் சூட்கேஸ் கட்டிலில் திறந்து கிடக்கிறது. உடுப்பெல்லாம் மடித்து அடுக்கியிருந்தது. உம்மா சிரித்துக்கொண்டு, "பாரு, எல்லாம் முடிச்சிட்டன்" என்றா. பழைய திரைச்சீலையின் பூக்களை வட்டமாக வெட்டி, ஒவ்வொரு பூனையின் முகத்துக்கு மேலும் வைத்துத் தைத்திருந்தா. ரீசேட், தொப்பி, கைக்குட்டைப் பை வைத்த சட்டை, எல்லாவற்றிலும். மஞ்சள் ஜேர்சியிலும். பூனையின் உடம்பில் ஒரு ரோசாப்பூத் தலை.

"ஏன் உம்மா இப்புடிச் செஞ்சீங்க?" என்று கேட்டேன். கத்தித்தான் கேட்டேன்.

உம்மா பயந்துபோனா. "றுஷ்தா மௌலவியாவா வாறா. முகம் இரிக்கிற உடுப்போட தொழ ஏலாதே. அவ வந்து பார்த்து மனம் சங்கடப்படக் கூடாதெண்டுதானே செஞ்சனான். ரெண்டு நாளா உனக்குத் தெரியாம ஒளிச்சி ஒளிச்சித் தைச்சனான்."

குசினிக்குள் போய் நின்றேன். உம்மாவின் தையல் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். சின்னச் சின்னப் பல்லுப்போல. பிரித்தால் துணியில் ஓட்டை விழும்.

என்னை நம்பித்தான் சூட்கேஸைத் தந்துவிட்டுப் போனீர்கள். பூட்டி வைத்திருக்க வேண்டும். இப்போது துணியில் முகம் உள்ள பூனைகள் நமக்கு இரண்டுதான் மிச்சம். நீங்கள் சப்பாத்துக்குள் காலுறையாகப் போடும் அந்த மேஸ் சோடி. அதையாவது பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அம்ரா

*

12.11.2023

அன்பின் ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் சுகமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். இங்கே மழை தொடங்கிவிட்டது. துறைமுகத்தில் நிற்கும் கப்பல்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

என் கடிதம் கிடைத்ததா? பெரியம்மாவிடம் கேட்டேன். உங்களுக்குச் சுகமில்லாமல் இல்லை என்றும் படிப்புச் சுமை கூட என்றும் சொன்னார். அப்படியென்றால் கோபம்தான். அல்லது பூனையெல்லாம் உங்களுக்கு இனி வேண்டாமோ? மௌலவியா ஆகப்போகிறவருக்கு நான் இப்படிச் சின்னப் பிள்ளைக் கதை எழுதுவது சரியில்லையோ என்றும் யோசித்தேன். அப்படியென்றால் அதையாவது எழுதிவிடுங்கள். எனக்குக் கதைக்க வேறு யாரும் இல்லை என்று பாவம் பார்த்து அதை எழுதாமல் இருக்காதீர்கள்.

அம்ரா

*

20.12.2023

அன்பின் ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் பதில் எழுதாவிட்டாலும் நான் எழுதுகிறேன். எல்லாரும் சுகம்.

போன கிழமை பெரிய மழை. கரண்ட் இல்லாத இருட்டில் ஊசி தெரியாது, மெசினுக்கு வேலையில்லை. உம்மாவும் நானும் சும்மா இருந்தோம். அந்த நாளுக்குப் பிறகு நாங்கள் இருவரும் தையலைத் தவிர வேறொன்றும் அதிகம் கதைக்கவில்லை. திடீரென்று உம்மா கேட்டா, "அந்தப் பூன மழைக்க மாட்டி, நாயோட ஒரே குடைக்குள்ள நிண்டுதே, அதுவும் உங்கட காலத்தில போட்டவங்களா?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். "நீங்க பார்த்தீங்களா உம்மா?"

"எங்கட ஊட்டில டீவி இல்ல. பக்கத்து ஊட்டு ஜன்னலால பார்ப்பன். உள்ள கூப்பிடுவாங்க. நான்தான் போகமாட்டன். வெக்கம்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு ஒன்று தோன்றியது ராத்தா. பூனைக்கு வெட்கம் வந்தால் அது பூவைக் கொண்டா முகத்தை மூடும்? குடையைக் கொண்டுதானே?

சிவப்புத் துணி வெட்டினேன். மஞ்சள் ஜேர்சியின் பூ வட்டத்தைப் பிரித்து எடுக்கும்போது ஓட்டைகள் விழுந்தன. அந்த ஓட்டைகளுக்கு மேலேயே குடையின் மேல் விளிம்பை மட்டும் வைத்துத் தைத்தேன். கீழ்ப்பக்கம் சும்மா தொங்கும். குடையின் நுனியில் ஒரு பிரஸ் பொத்தான், தோளில் அதன் சோடி. தொழும்போது குடையை இறக்கிவிடலாம், முகம் மூடிவிடும். தொழுது முடிந்ததும் மேலே மடித்து, டக். பூனை பார்க்கும்.

உம்மா அதைத் தூக்கித் தூக்கி இறக்கினா. பிறகு மிச்ச உடுப்புகளை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, "ஊசியைத் தா" என்றா.

சின்ன ரீசேட் ஒன்றைப் பெரியவாப்பாவிடம் கொடுத்துவிடுகிறேன். அவர் உங்களைப் பார்க்க வரும்போது கொண்டுவருவார். பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்புங்கள். ஆனால் ஒரு சொல்லாவது எழுதுங்கள்.

அம்ரா

*

09.01.2024

என் தங்கச்சி அம்ராவுக்கு,

வ அலைக்குமுஸ் ஸலாம். நான் சுகம், இருமல்கூட வீட்டைக் காலி செய்துவிட்டது. உன் மேல் கோபம் இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை. முதலில் அதை வாசித்துவிட்டு மூச்சு விடு. பிறகு மிச்சத்தை வாசி.

உன் ஒக்டோபர் கடிதத்தை வாடன் எனக்கு முந்தியே வாசித்தாரல்லவா? கடிதத்தோடு என்னைக் கூப்பிட்டார். "சப்பாத்தக் கழற்றுங்க" என்றார். கழற்றினேன். இரண்டு பூனைகளும் வாடனைப் பார்த்தன.

"மௌலவியா ஆகப்போற புள்ள, மூணு வருஷமா காலுக்குள்ள பூன வளர்க்கிறா" என்றார். மேஸை வாங்கித் தன் அலுமாரிக்குள் வைத்தார். இறுதிப் பரீட்சை முடியும்வரை நான் யாருக்கும் கடிதம் எழுதக் கூடாது என்றும் சொன்னார். உன் கடிதங்களை மட்டும் தந்தார். வாசித்தேன். பதில் எழுதத்தான் விடவில்லை. பார்க்க வந்த உம்மாவிடம் காரணத்தைச் சொல்ல எனக்கும் வெட்கமாக இருந்தது. உன் நவம்பர் கடிதத்தைத் தலையணைக்குள் வைத்துக்கொண்டு, இவள் இப்படி நினைக்கிறாளே, எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருந்தேன்.

இப்போது மற்றக் கதை. பின்னேரத்தில் இங்கே அயல் வீட்டுச் சின்னப் பிள்ளைகள் ஓத வருவார்கள். சேட்டில் கரடி, கார், பூனை எல்லாம் இருக்கும். உருவம் இருந்தால் சேட்டைப் புரட்டிப் போடச் சொல்வார்கள். ஒரு சின்னவள், தையல் பக்கம் கழுத்தைக் குத்துகிறது என்று தினமும் அழுவாள். வாப்பா உன் பார்சலைக் கொண்டுவந்த அன்றும் அவள் அழுதுகொண்டிருந்தாள். வாடன் வழமைபோலப் பார்சலை உடைத்தார். குடையைத் தூக்கினார், இறக்கினார். தூக்கினார், இறக்கினார். சாப்பாட்டு அறை வரைக்கும் டக், டக் என்று கேட்டது.

பிறகு அதை அந்தச் சின்னவளுக்குப் போட்டுவிட்டார். என்னிடம் கேட்கவே இல்லை! அவள் அதோடு வீட்டுக்கும் போய்விட்டாள். ஆகவே அது இன்னொரு வாசலையும் தாண்டிவிட்டது.

மறுநாள் வாடன் சொன்னார், "அந்தத் தங்கச்சிக்கு எழுதுங்க. குட துவளாம நேரா நிக்கிறதுக்கு உள்ளுக்கு என்ன வச்சிரிக்கா எண்டு கேளுங்க. எங்கட தையல் வகுப்புக்குத் தெரிய வேணும்."

பார்த்தாயா? உன்னிடம் ஒன்று கேட்கிறார்கள். எழுந்து நின்று வாசிக்கத் தேவையில்லை. எழுது.

றுஷ்தா

*

30.01.2024

அன்பின் ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு மத்தியானம் சாப்பிடவில்லை. வாயைத் திறக்கப் பயந்து பள்ளிக்கூடத்தை விட்ட நான், பேனையைத் திறந்து உங்களைக் காட்டிக்கொடுத்திருக்கிறேன். மேஸைப் பற்றிய அந்த வரியை எழுதும்போது வாடன் அவர்களை நினைக்கவே இல்லை. உங்களிடம் மட்டும் கதைப்பதாக நினைத்தேன். என்னை மன்னியுங்கள். உம்மாவிடம் சொன்னேன். "நான் உனக்கும் நீ றுஷ்தாவுக்கும் செஞ்ச வேலயப் பாரு" என்று சிரித்தா. அதற்குப் பிறகுதான் சோறு இறங்கியது.

வாடன் அவர்களுக்கு: சேட்டுக் கொலருக்குள் வைக்கும் கன்வஸ் துணிதான் உள்ளே இருக்கிறது. குடையின் அளவைவிட நூல் அளவு சின்னதாக வெட்டி, இரண்டு சிவப்புத் துணிக்கும் நடுவில் வைக்க வேண்டும். விளிம்பை முதலில் சுருக்கிக்கொண்டால் வளைவு நன்றாக வரும். பிரஸ் பொத்தானைக் கடைசியில் வையுங்கள். முதலில் வைத்தால் குடை சரியும். எனக்கு அப்படித்தான் முதல் இரண்டும் சரிந்தன. வெட்டும் மாதிரியைக் கடதாசியில் வெட்டி இத்துடன் வைத்திருக்கிறேன். ராத்தாவின் மேஸில் ஒரு பிழையும் இல்லை, அதை நான்தான் அவர் பிறந்த நாளுக்குக் கொடுத்தேன். குளிருக்காகத்தான் போட்டார்.

தெரியாத ஒருவருக்கு இவ்வளவு நீளமாக நான் ஒரு நாளும் எழுதியதில்லை.

அம்ரா

*

17.02.2024

அன்புத் தங்கச்சி,

ஸலாம். சுகம். பரீட்சை முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். உன் கடதாசிக் குடையைப் பார்த்து தையல் வகுப்பில் எல்லாரும் வெட்டுகிறார்கள். சின்னவர்களின் சேட்டுகளில் இப்போது கரடிக்கும் குடை, காருக்கும் குடை. காருக்கு ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

மார்ச் ஏழாம் திகதி வியாழக்கிழமை வருகிறேன். பஸ் பகல் வேளை திருகோணமலை ஸ்டாண்டுக்கு வரும். அங்கிருந்து மூதூர் போக வேண்டும். வாப்பாவும் மாமாக்களும் ஊர்ப் பெரியவர்களும் வான் பிடித்து வந்து நிற்பார்களாம். மாலை கூட இருக்குமாம். உனக்கு மட்டும் சொல்கிறேன், எனக்குப் பயம். எல்லாரும் மௌலவியாவைப் பார்க்க வருகிறார்கள். இனி என்னிடம் கேள்வி கேட்பார்கள், நான் பதில் சொல்ல வேண்டும். எனக்குத் தெரியாததையும் கேட்பார்கள். நீ பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்றபோது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் விளங்குகிறது.

அந்தக் கூட்டத்தில் றுஷ்தாவைப் பார்க்க ஒருத்தி வேண்டும். வர ஏலாவிட்டால் பரவாயில்லை, நான் பிறகு உன் வீட்டுக்கு வருவேன். ஆனால் வந்தால் நல்லது.

வாடன் நேற்று அலுமாரியைத் திறந்து மேஸைத் தந்தார். கழுவி மடித்திருந்தது. "பஸ்ஸில குளிரும்" என்றார். அவ்வளவுதான்.

றுஷ்தா

*

தபால் கந்தோர்,
திருகோணமலை.
27.02.2024

அன்பின் ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாரும் சுகம். இந்தக் கடிதத்தை நான் வீட்டிலிருந்து எழுதவில்லை. தபால் கந்தோரில், நூலில் கட்டிய பேனையால் எழுதுகிறேன். அதனால் எழுத்து கொஞ்சம் கோணல்.

தனியாகத்தான் வந்தேன். உம்மா வாசலில் நின்று, "நானும் வரட்டா?" என்றா. வேண்டாம் என்றேன். கறுப்புப் பாவாடை, வெள்ளை முக்காடு, மஞ்சள் ஜேர்சி. குடையை இறக்கித்தான் இருந்தேன். தெருவில் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. மான் மட்டும் பார்த்தது, அதே மான்தான் என்று நினைக்கிறேன். சந்தியில் திரும்பிவிடலாம் என்று ஒரு தரம் நின்றேன். பிறகு நடந்தேன்.

முத்திரை விற்கும் அருளம்பலம் ஐயா கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டு கேட்டார், "பிள்ளை, அந்தக் குடைக்குப் பின்னால ஆர் நிக்கிறது?"

வரிசையில் எனக்குப் பின்னால் நாலைந்து பேர். எல்லாரும் என் பதிலுக்குக் காத்திருந்தார்கள். நான் குடையை மேலே மடித்தேன் ராத்தா, டக்.

"அட, குடைப்பூனை!" என்றார் ஐயா. "என்ர மூத்தவள் இதுக்காக ரியூசனுக்குப் போகாம நிண்டவள். எங்க பிள்ளை வாங்கினது?"

"தைச்சது" என்றேன். சத்தம் சின்னதுதான், ஆனால் அவருக்குக் கேட்டது. "பூனை வாங்கினது. குடை நான் தைச்சது."

பின்னால் நின்ற அக்கா ஒருவர், "இஞ்ச திரும்பும் பாப்பம்" என்றார். திரும்பினேன்.

இனி ஜேர்சியையும் சேர்ப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாடன் அவர்களும் இதை வாசிப்பார், அவருக்கு என் ஸலாமும் நன்றியும். ஏழாம் திகதி பஸ் ஸ்டாண்டில் மாலையோடு நிற்பவர்களைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அவர்களுக்குப் பின்னால் மஞ்சளாக ஒன்றைத் தேடுங்கள். நீங்கள் சப்பாத்துக்குள் இரண்டு பூனையோடு வாருங்கள். நான் ஒன்றோடு நிற்பேன். குடையைத் தூக்கிவிட்டுத்தான் நிற்பேன்.

வஸ்ஸலாம்.
உங்கள்,
அம்ரா